கழுவிப் போட்ட குப்பை

சன்னலோரம் நீங்களே உக்காருங்க, எனக்கு எந்தப் பக்கமா இருந்தாலும் ஒண்ணுதானுங்க. பையை மடியிலயே வெச்சுக்கறேன். இல்லீங்க, கனமே இல்லை, கீழ வைக்க வேண்டாம். நீங்க எங்கீங்க இறங்கறீங்க? ஈச்சங்காட்டு வலசா? அட, நானும் அங்கதானுங்க. தங்கச்சியைக் கட்டிக் குடுத்த ஊருங்களா? நல்லதாப் போச்சு. எனக்கு ஊரு புதுசு. மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால காலனின்னு சொன்னாங்க. உங்க தங்கச்சி ஊட்டுல இருந்து பக்கந்தானா? சரிங்க சரிங்க.

ஒருத்தியைப் பாக்கப் போறேனுங்க. மாராள்னு பேரு. எங்கூர்ல குப்பை வண்டியில வேலை பாத்தவ, இப்ப மவ ரேவதி ஊட்டோட வந்துட்டா. கையில ஒரு அடி. சும்மா பாத்துட்டு வரலாம்னுதான். மனசு கேக்கலீங்க. வேற காரியம் ஒண்ணுமில்லை.

நானுங்களா? எம் பேரு மரகதம். தொட்டிக்காட்டுப் புதூர் பேரூராட்சியில பரப்புரையாளரு. அப்படின்னா என்னன்னு அல்லாரும் இப்படித்தான் பாப்பாங்க. ஊடு ஊடாப் போயி, மக்கற குப்பையைப் பச்சைக் கூடையில போடுங்க, மக்காததை நீலத்துல போடுங்க, ஊசி, பிளேடு, உடைஞ்ச பல்பு எல்லாம் சிவப்புன்னு சொல்லிக் குடுக்கற வேலைங்க. வருசா வருசம் கையெழுத்துப் போட்டு நீட்டிக்கிற வேலைதான். மொதல்ல போனப்ப சிரிச்சாங்க. குப்பைக்கு டியூசன் எடுக்க வந்துட்டாங்கன்னு பெட்டிக்கடைக்காரரு சத்தமாவே சொன்னாரு. மாராள்தான் எனக்கு டீச்சருன்னு பேரு வெச்சா. வண்டியைத் தள்ளிட்டு வரும்போதே, "டீச்சரு வந்துட்டாங்க, கூடையை எடுங்க"ன்னு சத்தம் போடுவா. அப்பறம் ஊரே டீச்சருன்னு ஆயிப்போச்சு. நான் பத்தாவதுதானுங்க படிச்சது, அதுவும் பாஸில்லை. ஆனா டீச்சருன்னு ஒருத்தரு கூப்பிட்டா, கொஞ்சம் நிமுந்து நடக்கத் தோணுதில்லீங்களா?

நல்லவதானுங்க மாராள். நான் சாதி கீதி பாக்கற ஆளில்லைங்க. எங்கூட்டுக்கு வந்தா காபித்தண்ணி குடுப்பேன். டம்ளரு ஒண்ணு வெளித் திண்ணைக் கொறட்டுலயே இருக்கும். அது அவளுக்குன்னு தனியா வெச்சதில்லீங்க, சும்மா அங்க இருக்கும், அவ்வளவுதான்.

இந்த வருசம் அரசாங்கம் பெரிசா நிதி ஒதுக்குச்சுங்க. மாநிலம் பூராவும் எந்தெந்த ஊரு குப்பையை ஒழுங்காப் பிரிக்குதோ, அந்த ஊருக்கெல்லாம் புதுசாக் கூடம் கட்டிக் குடுத்து, ஓடற பெல்ட்டு, பிளாஸ்டிக்கை அமுக்கிக் கட்டுற மெசினு, பணியாளுங்களுக்கு பூட்ஸு, கையுறை எல்லாம் தருவாங்களாமா. இப்ப உரக்கிடங்குல வெயில்ல குனிஞ்சு குனிஞ்சு கையாலதான் பொறுக்கிப் பிரிக்கறாங்க. கூடம் வந்தா பெல்ட்டு ஓடும், முன்னால உக்காந்தாப் போதும். மாராளுக்கு அதுல வெகு ஆசைங்க. "டீச்சரு, பெல்ட்டுக்கு முன்னால ஸ்டூல் போடுவாங்களா?"ன்னு பாக்கறப்பல்லாம் கேப்பா. போடுவாங்க மாராளுன்னு சொல்லுவேன். "முதுகு சாய்க்கற மாதிரிங்களா, சும்மா ஸ்டூலுங்களா?" அவளுக்கு அதுதான் வெசனம். சிரிப்பேன் நானு.

எனக்கும் ஆசை இல்லாம இல்லைங்க. கூடம் வந்தா என்னைய ஒருங்கிணைப்பாளராப் போடறேன்னு எங்க ஈ.ஓ., பேரூராட்சி செயல் அலுவலரு, சொல்லியிருந்தாரு. மேசை நாற்காலி எல்லாம் உண்டு. எம் பொண்ணு தாரிணிக்கு அப்பத்தான் சம்மந்தம் பேசிட்டு இருந்தாங்க. பொண்ணோட அம்மா ஆபீசுல இருக்கறாங்கன்னா ஒரு மதிப்புத்தானுங்களே.

நிதி குடுக்கறதுக்கு முன்னால மேல இருந்து ஆளுங்க வந்து ஊரைப் பாப்பாங்க, கூடையைத் தொறந்து பாப்பாங்கன்னு சொன்னாங்க. "மரகதம்மா, ஊரு உங்க பொறுப்பு"ன்னுட்டாரு ஈ.ஓ. நானும் ஆட்டோவுல மைக்கைக் கட்டி, தெருத் தெருவாச் சொன்னேன். வராங்க வராங்கன்னு சொன்னேன். நம்ம ஊரு மானம் உங்க கூடையில இருக்குதுன்னு சொன்னேன். அங்கதான் தப்பு நடந்துபோச்சுங்க. எந் தப்பில்லை. மானம்னு சொன்னா எங்க சனம் சும்மா இருக்குமுங்களா?

அவங்க வர்ற அன்னிக்கு வெடியால போய்ப் பாக்கறேன், எல்லாரும் குப்பையைக் கழுவி வெச்சிருக்கறாங்க. ஊட்டுக்கு ஒரம்பரை வந்தா வாசல் கூட்டி வெக்கறமில்லீங்களா, அது மாதிரி குப்பையையும் சீவிச் சிங்காரிச்சுப் போட்டாங்க. பால் கவரைக் கழுவி, கொடியில காயப்போட்டு, மடிச்சு, ரப்பர் பேண்டு போட்டு நீலக் கூடையில அடுக்கியிருக்கு. எங்க தெருக் கோடியில ராமாத்தாக்கா பச்சைக் கூடையில நல்ல கத்திரிக்காயைப் போட்டு வெச்சிருக்குது. பூச்சிகூட இல்லைங்க. என்னக்கா இதுன்னா, "ஏனுங் டீச்சரு, அழுகினதைப் போட்டா வரவங்க நம்மளை என்ன நினைப்பாங்க"ங்குது. பெட்டிக்கடைக்காரரு, அதே மனுசன், நீலக் கூடை காலியா இருந்தா அசிங்கம்னு கூல்டிரிங்ஸ் பாட்டில் நாலு வாங்கி, குடிக்க முடியாம குடிச்சு, பாட்டிலைக் கழுவிப் போட்டுட்டு ஏப்பம் விட்டுட்டு உக்காந்திருக்கறாரு. ஒரு ஊட்டுல சிவப்புக் கூடையில ஒத்தை பல்பு. தொடைச்சு வெச்சது. பொட்டு வைக்காத குறைதான்.

எனக்குச் சிரிக்கறதா அழுகறதான்னு தெரியலை. ஆனா வந்தவங்களுக்கு வெகு சந்தோசங்க. அந்த அம்மா ஒரு ஆபீசரு, கூடையைத் தொறந்து பாத்துட்டு, "உங்க ஊர்ல குப்பை கூட மணக்குது"ன்னாங்க. என்னைய நடுவுல நிக்க வெச்சு போட்டோ எடுத்தாங்க. மாராளும் வண்டிகிட்ட நின்னா. போட்டோவுல விழுகலை, ஓரமா நின்னதுனால.

அப்ப நிசக் குப்பை எங்கீங்கன்னு கேக்கறீங்க. அதத்தான் நானும் சொல்ல வரேன். அதை அல்லாரும் உள்ள ஒளிச்சு வெச்சிருந்தாங்க. பாத்ரூம்புல, கட்டிலுக்கடியில, மாட்டுக் கொட்டாயில. அழுகினது, நாறினது, பொம்பளைங்க துணி, கொழந்தைங்க ஜட்டி, உடைஞ்ச கண்ணாடி, எல்லாம் ஒண்ணாப் போட்டுக் கறுப்புக் கவர்ல இறுக்கிக் கட்டினது. எங்கூட்டுதும் பொறத்தால இருந்துச்சு. எல்லாரு ஊட்டுலயும் இருந்தாப்பலதானுங்க. ஆபீசருங்க போன மறுநாள் வெடியால அத்தனையும் மொத்தமா வெளிய வந்துச்சு. வண்டி கொள்ளலை. திரும்ப வந்து பாத்தாலும் பாப்பாங்க, பொழுது சாயறதுக்குள்ள எல்லாத்தையும் பிரிச்சுருங்கன்னு ஈ.ஓ. விரட்டறாரு. நானும் விரட்டினேன். மாராள் வேக வேகமா ஒவ்வொரு கவராக் கிழிச்சுக் கையை விட்டு அள்ளினா.

அதுல என்னமோ குத்திப்போச்சு. கண்ணாடியா இருக்கலாமுங்க. ஊசின்னு சொல்றாங்க.

சர்க்கரை ஊசியாமா. அது இல்லாத ஊடு இன்னிக்கு எங்கீங்க இருக்குது? உங்க ஊட்டுல? பாத்தீங்களா. நம்ம பக்கமெல்லாம் தெருவுக்குத் தெரு இருக்குது. யாரு ஊட்டு ஊசின்னு எப்படீங்க சொல்ல முடியும்?

எங்கூட்டுக்காரருக்கும் உண்டுங்க. மறைக்கறதுக்கு என்ன இருக்குது. இப்பச் சொல்றேன், அப்ப மறைச்சு வெச்சிருந்தோம். அப்பனுக்கு ஊசி போடற அளவுக்குச் சர்க்கரைன்னு தெரிஞ்சா, பொண்ணுக்கும் வருமான்னு மாப்பிள்ளை ஊட்டுல கேப்பாங்கல்லங்க. ஏற்கெனவே ஒரு எடம் அப்படித் தட்டிப் போச்சு. அதனால ஊசியெல்லாம் சிவப்புக் கூடையில போடறதில்லை. டீச்சரு ஊட்டு வாசல்ல சிவப்புக் கூடையில ஊசி கெடந்தா நாலு பேரு பாப்பாங்களா இல்லீங்களா? பாட்டில்ல போட்டு மூடி வைங்கன்னு ஊருக்குச் சொல்லுவேன். எங்கூட்டுல வாழையிலையில சுருட்டி, பழைய சோத்தோட வெச்சு, கவர்ல கட்டிப் போடுவேன். பத்திரமாத்தானுங்க சுருட்டுவேன். அவசரத்துல ஒருக்காச் சரியாச் சுருட்டாம விட்டிருக்கலாம்.

தண்ணி இருக்குதுங்களா? ஒரு வாய்.

பொழுதோட மாராள் வந்தாளுங்க எங்கூட்டுக்கு. கையில சீலைத் துணியைக் கிழிச்சுக் கட்டியிருக்கறா. கொறட்டுப் பக்கம் வரலை, ஊட்டுக்குப் பின்னால பொடக்காளிப் பக்கம் வந்து நின்னா. நான் வெளிய போனேன். சண்டைக்கு வந்திருக்கறாளோன்னு நினைச்சேன். அவ மெதுவாச் சொல்றா, "டீச்சரு, யாரும் பாக்கலீங்க. ஊசியை அந்தக் கவரோட நானே குழி தோண்டிப் பொதைச்சுட்டேனுங்க. பாப்பாவுக்குப் பேசிட்டிருக்கறாங்கன்னு சொன்னீங்கல்லங்க."

காபி போட்டுக் குடுத்தேன். ஊட்டுல இருந்த மாத்திரையைக் குடுத்தேன், புண்ணு ஆறுறதுக்கு எங்கூட்டுக்காரருக்கு முன்ன எழுதிக் குடுத்தது. ஆஸ்பத்திரிக்குப் போறேங்கறா. நான்தான், போ மாராளு, போக வேண்டாங்கலை, ஆனா அங்க போனா எப்படி ஆச்சு, எங்க ஆச்சுன்னு கேட்டு எழுதுவாங்க, எங்கூர்ல பிரிக்கறதே இல்லைன்னு ஆயிரும், நிதி போயிரும், உனக்கு ஸ்டூலும் போயிரும், ரெண்டு நாள் பொறுத்துப் பாருன்னேன். அவ நல்லதுக்குந்தானுங்களே சொன்னேன்? யாராச்சும் கேட்டா ஊட்டுல அருவாமனை வெட்டிருச்சுன்னு சொல்லிருன்னேன். சரிங்க டீச்சருன்னா. அவ எப்பவும் அப்படித்தான்.

கை வீங்கிப்போச்சு. மணிக்கட்டு வரைக்கும் ஏறிருச்சு. அப்பறம் ரேவதி வந்து இழுத்துட்டுப் போயி பெரியாஸ்பத்திரியில சேத்தா. சோத்தாங்கையில ரெண்டு விரலை எடுத்துட்டாங்க. சுட்டு விரலும் அதுக்கு அடுத்ததும். அங்க பாத்தா அவளுக்கே சர்க்கரையாமுங்க. அவளுக்கே தெரியாம இருந்திருக்குது. அதனாலதான் ஆறலை. டாக்டரே சொன்னாரு. அப்ப வெறும் ஊசி மேல மட்டும் பழி போட முடியுமுங்களா? நீங்களே சொல்லுங்க. நான் தெனமும் இதைத்தான் எனக்குச் சொல்லிக்கறேன். சொல்லிச் சொல்லிப் பாக்கறேன், சோறு இறங்க மாட்டேங்குது.

நிதி வந்துருச்சுங்க. கூடம் கட்டியாச்சு. திறப்பு விழாவுக்கு மேளமெல்லாம் வெச்சாங்க. பெல்ட்டு ஓடுது. ஸ்டூலும் போட்டிருக்காங்க, முதுகு சாய்க்கற மாதிரியே. எனக்கு மேசை குடுத்தாங்க. அங்க இருந்து பாத்தா ஸ்டூலு நேராத் தெரியும். அதுல இப்ப வேற ஒரு பொண்ணு உக்காந்திருக்கறா. மாராளுக்குக் குடுக்கலை. கை லாயக்கில்லைன்னுட்டாங்க. வேலையில அடிபட்டிருந்தா வேலையும் குடுக்கோணும், நிவாரணமும் குடுக்கோணும். ஊட்டுல அருவாமனை வெட்டினதுக்கு அரசாங்கம் என்னங்க பண்ணும்?

ரேவதிதான் சும்மா இருக்க மாட்டேன்னு கலெக்டராபீசுல மனுக் குடுத்துட்டா. குப்பையில ஊசி குத்தித்தான் ஆச்சுன்னு எழுதிக் குடுத்துட்டா. வர்ற திங்கக்கிழமை விசாரணை. என்னையும் கூப்பிட்டிருக்கறாங்க. நான்தான் அன்னிக்குக் கூட இருந்தவ, நான் ஒரு வார்த்தை சொன்னாப் போதும், அவளுக்கு வேலை கெடைச்சிரும்னு ரேவதி எனக்குப் போன் போட்டு அழுகறா. ஈ.ஓ. என்னடான்னா, "போயி மாராளைப் பாத்துப் பேசிட்டு வாங்கம்மா, முன்னச் சொன்னதையே சொல்லச் சொல்லுங்க, இல்லீன்னா ஊரு பேரு கெட்டுரும், உங்க வேலையும் எனக்குத் தெரியாது"ங்கறாரு.

அதுக்காகப் போகலீங்க நானு. பாக்கத்தான் போறேன். போற எடத்துல பேச்சு வந்தா ஒரு வார்த்தை... தை மாசம் எம் பொண்ணுக்குக் கல்யாணமுங்க. பத்திரிகை அடிச்சாச்சு. ஊசி யாரு ஊட்டுதுன்னு தோண்டிட்டுப் போனா எங்க போய் நிக்குமுங்க? மாராளுக்கும் ஒரு பொண்ணு இருக்கறா, அவளுக்குத் தெரியாதா ஒரு தாயோட வெசனம்?

வெறுங்கையோட போறதில்லைங்க. இங்க பாருங்க, பையில என்னன்னு. கையுறை. நிதியில வந்ததுங்க, பணியாளுங்களுக்கு. ஒசத்தியான ரப்பரு, உள்ள துணி வெச்சது, கண்ணாடிகூட ஏறாது. நான்தான் எல்லாருக்கும் குடுத்தேன். மாராளுக்கு ஒரு ஜோடி எடுத்து வெச்சுட்டேன். பட்டியல்ல அவ பேரு இல்லை, இருந்தாலும் நியாயமா அவளுக்குச் சேர வேண்டியதுதானுங்களே. அன்னிக்கு இது இருந்திருந்தா... அதத்தான் சொல்றேன். தொட்டுப் பாருங்க. எவ்வளவு நல்லா...

ஏனுங்க அப்படிப் பாக்கறீங்க?

எந்தக் கையா? சோத்தாங்கைதானுங்க. சொன்னேனே. சுட்டு விரலும், அதுக்கு...

ஓ.

நான் இதை நினைக்கவே இல்லீங்க. சத்தியமா நினைக்கலை. மேசையில இருந்து எடுத்து, கவர்ல போட்டு, பஸ்ஸு ஏறி, இத்தனை தூரம் மடியில வெச்சுட்டு வந்திருக்கறேன். அஞ்சு விரலு வெச்ச உறையைக் கொண்டுபோயி அவ கையில குடுத்திருப்பேன். அவ வாங்கிக்குவா. "நல்லா இருக்குதுங்க டீச்சரு"ன்னு சொல்லிட்டுப் போட்டுக்கூடப் பாப்பா. ரெண்டு விரலு காத்தாடிட்டுத் தொங்கும். அவ சிரிச்சுட்டுத்தான் நிப்பா.

உள்ள மடிச்சுத் தெச்சுக் குடுத்தா ஆகுமுங்களா? உங்ககிட்ட ஊசி... இல்லீங்க. வேண்டாம். வேண்டாமுங்க.

வலசு வந்துருச்சா? கண்டக்டரு சொல்றாரு, எழுந்திரிங்க நீங்க. பையைப் பாத்து எடுத்துக்கங்க. நானுங்களா? நான் வரலீங்க. கடைசி வரைக்கும் போயிட்டு, இதே பஸ்ஸுல திரும்பிர்றேன். டிக்கெட்டு போட்டுக்கறேன். நான் போயிச் சொல்றதுக்கு அங்க ஒண்ணுமில்லைங்க. திங்கக்கிழமை கேட்டா மாராள் அருவாமனைன்னுதான் சொல்லுவா. நான் கேட்டுக்கவே வேண்டியதில்லை. அவ அப்படித்தான் சொல்லுவா. அதைத்தானுங்க என்னால தாங்க முடியலை.

ஒரு ஒத்தாசை பண்ணுங்க. இந்தாங்க, இதை மட்டும் அவகிட்டக் குடுத்துருங்க. இது ஒண்ணு மட்டும், இடது கைது. அந்தக் கையில எல்லா விரலும் இருக்குது. இன்னொண்ணு எங்கிட்டயே இருக்கட்டும். நான் குடுத்தேன்னு சொல்ல வேண்டாம். அரசாங்கத்துல குடுத்தாங்க, நிதி வந்துச்சு, அதுல வந்துச்சுன்னு சொல்லிருங்க.

எறங்குங்க எறங்குங்க, விசிலடிச்சுட்டாரு.

யாரு குடுத்தாங்கன்னு அவளுக்குத் தெரிஞ்சுருமுங்க. இன்னொண்ணு எங்கேன்னு கேக்க மாட்டா. டீச்சரு நல்லா இருக்காங்களான்னுதான் கேப்பா. இருக்காங்கன்னு சொல்லிருங்க.